முழிவியளம்

சிவபாக்கியம் சீனி போடாத பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, வெறும் நெற்றியும் வெள்ளைச் சேலையுமாகப் படலையைத் திறந்தாள். காலையில் நடந்தால்தான் பலவீனமான இருதயம் தாக்குப்பிடிக்கும் என்று கிளினிக்கில் டொக்டர் சொல்லியிருந்தார். எந்தப் பக்கம் நடப்பது என்று அவர் சொல்லவில்லை. குளக்கட்டில் நல்ல காற்று. அவள் போனதோ கதிர்காமு வீட்டுப் பக்கம்.

அவன் வயலுக்குப் புறப்படும் நேரம் அடம்பன் ஊருக்கே தெரியும். புறப்படும்போது முதலில் எதிர்ப்படும் சகுனம், முழிவியளம், பார்க்காமல் காலெடுத்து வைக்காத மனுசன். பூனை குறுக்கே போனாலே திரும்பிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வருவான். கேற்றைத் திறந்ததும் முதலில் தெரிகிற முகம் ஒரு தாலியறுத்தவளின் முகமாக இருக்கட்டும். அதுவும் அவனால் அறுந்த தாலி. இடம்பெயர்ந்து ஓடிய அன்று அவள் புருசன் தம்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு றோட்டில் விழுந்தபோது, கதிர்காமுவின் உழவு மெசின் பெட்டி நிறைய நெல்மூட்டை. தம்புவை ஏற்ற ஒரு மூட்டையை இறக்கச் சொல்லிக் காலில் விழுந்தாள். "விதைநெல்லு பிள்ளை" என்றுவிட்டுப் போய்விட்டான். மீள்குடியேறி வந்தபின் அவனோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நாசமாய்ப் போ, நாசமாய்ப் போ என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே தினமும் நடந்தாள்.

இன்று அவன் கேற்றடியில் அவளுக்காகவே காத்து நின்றான்.

"பாக்கியம், எனக்கும் நெஞ்சு வருத்தம். தம்புவின்ரை நினைப்பு படுக்கவிடாது. முதல்நாள் உன்னைக் கண்டு பயந்துதான் போனனான். பிறகு பாத்தா நீ நெடுகலும் இதாலைதான் வாறாய். மன்னிச்சிட்டாய் எண்டு விளங்கினது. இப்ப நல்ல நித்திரை. நேற்று கிளினிக்கிலை பிரஷரும் நோமலாம்."

இவ்வளவு நாளும் கால் நோக நடந்து இவனுக்கா மருந்து கொடுத்திருக்கிறாள்!

"அண்ணை," என்றாள், ஆற அமர. "நான் மன்னிக்க வரேல்லை. உங்களுக்கு முழிவியளமா வந்தனான். நாசமாய்ப் போகோணும் எண்டு வந்தனான். நாளைக்கும் வருவன்."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு கை கேற்றுக் கம்பியைத் தேடியது, மற்றது நெஞ்சுக்குப் போனது. அப்படியே ஈரமண்ணில் குந்திவிட்டான். அடுக்களையில் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. கூப்பிட்டால் ஓடி வருவார்கள்.

சிவபாக்கியம் கூப்பிடவில்லை, அங்கிருந்து போகவுமில்லை. சத்தம் வராமல் திறந்து மூடும் அவன் வாயைப் பார்த்தபடி நின்றாள். அவளுடைய நெஞ்சு என்றுமில்லாத நிதானத்தில் அடித்தது. உள்ளே தேங்காயைத் துருவிக்கொண்டேயிருந்தார்கள்.