இரண்டாம் மாடியில் கரண்ட் இருந்தது

சுவரில் மாட்டிய அந்தப் பெட்டியைப் பார்த்தபோது மாரிசெல்வி அதை கீஸர் என்றுதான் நினைத்தாள். வெள்ளையாய், வழவழவென்று, ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் தொங்கியது.

"குளிக்குற எடத்துல மாட்டாம இங்க ஏம்ல மாட்டிட்டுப் போறான்?" என்று மகனிடம் கேட்டாள்.

பேச்சிராஜா சிரித்தான். "எம்மா, இது பேட்டரி. இனிமே லைட் போனா நமக்குத் தெரியவே செய்யாது."

அவனுக்கு ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தபடியே பார்ப்பான். மழைக்காலத்தில் அவர்கள் குடியிருந்த நவி மும்பை கோபர்கைரனேயில் கரண்ட் போனால் அவனுடைய மீட்டிங் பாதியில் அறுந்துவிடும். அதற்காகத்தான் போன தீபாவளிக்கு அதை வாங்கினான். அவன் சொன்னது உண்மைதான். அதற்குப் பிறகு கரண்ட் போனதே அவர்களுக்குத் தெரியவில்லை. எதிர் பில்டிங் ஜன்னல்கள் இருண்டு கிடக்கும். இவர்கள் வீட்டில் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அந்த ஜூலை மாதக் காலையிலும் அப்படித்தான் ஆனது. விடிய விடிய மழை. பேச்சிராஜா தன் அறையில் ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். பால் வாங்கக் கதவைத் திறந்தபோதுதான் லிஃப்ட் நின்றுபோயிருப்பதை மாரிசெல்வி கவனித்தாள். படியில் இறங்கிப் போனாள். கீழே வாட்ச்மேன் ராஹில் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர்.

"ஆம்புலன்ஸ் வரணும் மௌசி," என்றான் ஹிந்தியில். "நாலாவது மாடி அங்கிளுக்கு. மூச்சு மெஷின் நின்னுபோச்சு. வண்டி வாஷி பக்கம் தண்ணியில மாட்டிக்கிட்டு நிக்குதாம்."

"எந்த அங்கிள்?"

"தனசீலன் அங்கிள்."

பால் வாங்காமலே திரும்பிப் படியேறினாள் மாரிசெல்வி.

தனசீலனையும் அவர் மனைவி ரோஸியையும் அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரியும். திசையன்விளைப் பக்கத்திலிருந்து தாராவிக்கு அவள் மருமகளாய் வந்து இறங்கிய சாயங்காலம், கல்லி என்று அங்கே சொல்கிற அந்தச் சந்து முழுக்க இருட்டு. கரண்ட் போயிருந்தது. பந்தலுக்குக் கீழே முகம் தெரியாத ஆட்கள், புரியாத ஹிந்தி, தோல் பதனிடும் வாடை. அவள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அப்போது எதிர் வீட்டுக்காரர் லாரி பேட்டரி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். தேவ்நாரில் ஒரு கராஜில் அவருக்கு பேட்டரி வேலை. வயரை முறுக்கிப் பந்தலில் பல்பைத் தொங்கவிட்டதும் மஞ்சளாய் வெளிச்சம் பரவியது. அந்த வெளிச்சத்தில் அவள் முதலில் பார்த்தது ரோஸியின் முகத்தை. "ஏட்டி, எதுக்கு அழுத? நாங்கல்லாம் இல்லியா?" என்று கேட்ட முகம்.

அன்றிலிருந்து அவர் அண்ணன், அவள் மைனி. இரண்டு வீட்டு வாசலுக்கும் நடுவில் ஒரு சாக்கடைதான் இருந்தது. அதன்மேல் போட்டிருந்த பலகையில் உட்கார்ந்துதான் இருவரும் மீன் கழுவினார்கள், பிள்ளைகளுக்குத் தலை சீவினார்கள். கரண்ட் போனால் தனசீலன் வீட்டு பேட்டரிதான் கல்லிக்கே டிவி. திரையில் படம் சுருங்கிக்கொண்டே வரும்போது, "பேட்டரி எறங்குதுடே, எல்லாரும் வீட்டுக்குப் போங்க," என்பார். யாரும் போகமாட்டார்கள். ஆசிட் தெறித்து அவருடைய சட்டைகளிலெல்லாம் சல்லடைபோல ஓட்டை. மாரிசெல்வியின் கணவர் சொரிமுத்து, தோல் பட்டறையிலிருந்து துண்டுத்தோல் கொண்டுவந்து அவருக்கு ஒரு முன்னங்கி தைத்துக் கொடுத்தார்.

இந்த பில்டிங்கில் இரண்டாம் மாடியில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று சொன்னதே தனசீலன்தான். வந்த புதிதில் மாடிக்கும் கீழுக்குமாகப் போக்குவரத்து இருந்தது. சொரிமுத்து இறந்தபோது ரோஸி பதினாறு நாளும் கூடவே இருந்தாள். பிறகு எப்போது குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சண்டை ஒன்றும் இல்லை. கதவுகள் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகள். லிஃப்டில் பார்த்தால், "சாப்ட்டாச்சா மைனி?" என்பதோடு மாடி வந்துவிடும். கொஞ்ச நாளாய்த் தனசீலனைக் காணவில்லை. மகள் ஷைனி வீட்டுக்கு, புனேக்குப் போயிருப்பார் என்று மாரிசெல்வி நினைத்திருந்தாள்.

ரோஸி கதவைத் திறந்தாள். கட்டிலில் தனசீலன் பாதியாய் வற்றிக் கிடந்தார். மூக்கில் குழாய். பக்கத்தில் ஒரு சிறிய சிலிண்டர்.

"அண்ணனுக்கு என்ன மைனி?"

"நெஞ்சுல சளி கெட்டியாகி, நுரையீரல் சுருங்கிப்போச்சாம் மாரி. ஆஸ்பத்திரில இருந்து வந்து ரெண்டு மாசம் ஆவப்போவுது. மெஷின்லதான் மூச்சு. கரண்ட் போகவும் இதை மாட்டியிருக்கு. இது மத்தியானம் வரைக்கும் தாங்கும்னு சொன்னாவ."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"அவங்கவங்களுக்கு ஆயிரம் சோலி. உன் சோலியையும் ஏன் கெடுக்கணும்னு இருந்துட்டேன்."

"எங்க வீட்ல கரண்ட் இருக்கு மைனி."

ரோஸிக்குப் புரியவில்லை. "ஒரே பில்டிங்தான? எப்பிடி இருக்கும்?"

"பேச்சி பேட்டரி மாட்டியிருக்கான். தீபாவளிக்கு."

"எனக்குத் தெரியாதே," என்றாள் ரோஸி.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர் வீட்டில் என்ன குழம்பு என்று வாடையை வைத்தே சொன்னவர்கள் அவர்கள்.

பேச்சிராஜாவும் ராஹிலும் பிளாஸ்டிக் நாற்காலியில் தனசீலனை உட்காரவைத்துப் படியில் இறக்கினார்கள். சிலிண்டரைத் தண்ணீர்க்குடம்போல இடுப்பில் வைத்துக்கொண்டு மாரிசெல்வி கூடவே இறங்கினாள். ரோஸி குழாய் இழுபடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். ராஹில் மறுபடி ஏறிப்போய் மெஷினைத் தூக்கிவந்தான். ஹால் சோபாவில் அவரைச் சாய்த்து மெஷினைச் செருகியதும் அது உறுமி, பிறகு சீராக மூச்சுவிடத் தொடங்கியது. ரோஸி சிலுவை போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

பேச்சிராஜா போனைப் பார்த்தான். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று அதில் தெரியும். அவன் முகம் மாறியது.

"காலையில இருந்து ஏசி போட்டுட்டேன்ம்மா. பாதிக்கும் கீழ எறங்கிருச்சு."

"மெஷினுக்கு மட்டும்னா எவ்வளவு நேரம் வரும்?"

"சாயங்காலம் வரைக்கும் வரலாம். வேற எதுவும் ஓடக்கூடாது."

"அப்ப எல்லாத்தையும் அமத்து."

ஏசி நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது. ஃபேன்கள் நின்றன. பேச்சிராஜா மேனேஜருக்குப் போன் செய்து, வீட்டில் பேஷண்ட் இருக்கிறார், இன்றைக்கு மீட்டிங்கில் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினான். காற்றுக்காக வாசல் கதவைத் திறந்து, சாத்திக்கொள்ளாமல் செருப்பை முட்டுக்கொடுத்தான்.

ஃபிரிட்ஜில் ஞாயிற்றுக்கிழமைக்கென்று வாங்கிய மீன் இருந்தது. இனி வைத்தால் கெட்டுப்போகும். மாரிசெல்வி அதை எடுத்து வந்து ஹால் தரையில் பேப்பரை விரித்தாள். ரோஸி கேட்காமலே அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தேங்கா அரைக்கணுமே," என்றாள் மாரிசெல்வி.

சோபாவிலிருந்து தனசீலனின் குரல் வந்தது. "மிக்ஸி போட்டிராத தாயி. அது ரொம்ப இழுக்கும்."

"தேங்கா இல்லாம என்ன மீன் கொழம்பு?" என்று ரோஸி முணுமுணுத்தாள். வெறும் புளியும் மிளகாய்த்தூளுமாய்க் கொதிக்கவைத்தார்கள்.

முகத்தில் நிறம் கொஞ்சம் திரும்பியதும் தனசீலன் சுவரில் இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏல பேச்சி, இதுக்கு ஆசிட் ஊத்த வேண்டாமா?"

"வேண்டாம் மாமா."

"தண்ணி?"

"அதும் வேண்டாம்."

"வாடையும் இல்ல, சத்தமும் இல்ல. பேட்டரின்னே சொல்ல முடியாது." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ சின்னப்பிள்ளையா இருக்கையில நம்ம பேட்டரி மேல ஏறி உக்காந்து, டவுசர் பூராவும் ஓட்ட. உங்க அம்மா என்னைய ஏசுன ஏச்சு, மாஹிம் வரைக்கும் கேட்டுருக்கும்."

"நான் எங்க ஏசுனேன் அண்ணே? மைனிதான் ஏசுனாவ."

"ரெண்டு பேரும் சேர்ந்துதாம்ட்டி ஏசுனிய."

ரோஸி சிரித்தாள். சிரிப்பு எங்கேயோ பிசகி அழுகையாகிவிட்டது. செதிள் ஒட்டிய கையால் துடைக்கவும் முடியாமல் முகத்தைத் தோளில் தேய்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து மெஷின் சத்தத்தைத் தவிர அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை என்றாள். தன் வீட்டிலும் மகன் அறைக்கதவு சாத்திய பிறகு பகல் முழுக்க அப்படித்தான் என்று மாரிசெல்விக்குத் தோன்றியது.

திறந்த கதவைப் பார்த்துப் பக்கத்து ஃபிளாட்டிலிருந்து சாதனா என்ற மராத்திப் பெண் எட்டிப் பார்த்து, விஷயம் தெரிந்ததும் ஒரு தட்டில் பக்ரி ரொட்டி கொண்டுவந்து வைத்தாள். எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தனசீலனுக்கு ரோஸி முள் எடுத்து ஊட்டினாள். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது. வியர்த்து ஒழுகியது. யாரும் எழுந்திருக்கவில்லை. சொரிமுத்துவைப் பற்றிப் பேசினார்கள். வெள்ளம் வந்த வருஷம் அவர் பேச்சிராஜாவைத் தோளில் வைத்துக்கொண்டு சயான் வரை நடந்ததை தனசீலன் சொன்னபோது, பேச்சிராஜா முதல்முறை கேட்பவனைப்போலக் கேட்டான்.

மத்தியானம் தாண்டியும் ஆம்புலன்ஸ் வந்து சேரவில்லை. போனில் பேட்டரியின் அளவு வேகமாகக் குறைவதுபோல் இருந்தது. கொஞ்சம் மிச்சமிருந்த சிலிண்டரை ரோஸி பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டாள். எல்லோர் கண்ணும் போன்மேலேயே இருந்தது. தனசீலன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, "எறங்குற பேட்டரியும் கொஞ்ச நேரம் இழுக்கும். பயப்படாதீய," என்றார்.

போனில் அந்த அளவு சிவப்பைத் தொட்ட பிறகுதான் கரண்ட் வந்தது. கீழே லிஃப்ட் மணியடித்தது. பில்டிங் முழுக்க யார் யாரோ கைதட்டினார்கள். ரோஸி மாரிசெல்வியின் கையைப் பிடித்து, விடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த மாதமே ஷைனி புனேயிலிருந்து வந்து நாலாவது மாடியிலும் ஒரு பேட்டரி மாட்டவைத்தாள். மாரிசெல்விக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கு அடியில் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டும் இருந்தது. இனி அவர்கள் இறங்கிவரத் தேவையில்லை.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம் மறுபடி கரண்ட் போனது. எதிர் பில்டிங் இருண்டதை வைத்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதன் கீழ் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள். லிஃப்ட் இல்லாததால் கைப்பிடியைப் பிடித்து மெதுவாகப் படியேறினாள்.

ரோஸி கதவைத் திறந்தாள். பின்னால் பளிச்சென்று விளக்கு எரிந்தது.

"என்ன மாரி, மூச்சு வாங்க ஓடியாந்திருக்க?"

"கரண்ட் போச்சுன்னு வந்தேன் மைனி."

"எங்க வீட்ல இருக்கே."

"எங்க வீட்லயும் இருக்கு," என்று சொல்லிக்கொண்டே மாரிசெல்வி செருப்பைக் கழற்றினாள்.