பயிற்சிக்குப் பதிந்த பாட்டு

ஆண்டுவிழா தொடங்க அரை மணி நேரம் இருந்தபோது மாமியார், நான்காக மடித்த ஒரு காகிதத்தை மருமகளின் கையில் திணித்துவிட்டு, பன்னிரண்டு தவளைகளை வரிசையாகக் கழிப்பறைக்கு ஓட்டிக்கொண்டு போனார். தவளைகள் என்றால் மாமியார் நடத்தும் நடனப் பள்ளியின் கடைக்குட்டி வகுப்பு. ஐந்து வயது, ஆறு வயது. பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி, தொப்பி மேல் இரண்டு முட்டைக் கண்கள். மருமகள் மேடையின் வலது பக்கத் திரைக்குப் பின்னால், வயர்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். பாட்டுப் போடுவது அவள் வேலை. காகிதத்தைப் பிரித்தாள். கடைசி ஆட்டம் முடிந்ததும் அவள் மைக்கில் படிக்க வேண்டிய நாலு வரி. இருபத்தாறு வருடமாக நடந்த பள்ளி இன்றோடு மூடப்படுகிறது, பெற்றோர்களுக்கு நன்றி. அவ்வளவுதான்.

மாமியார் திரும்பி வந்ததும் அவள் காகிதத்தை நீட்டினாள்.

"என்ன அத்தை இது? வீட்ல யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொன்னா விடுவீங்களா?"

தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு மிஞ்சிய குரல் அது. காதைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் கேட்கும். மருமகள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"கத்திக் கத்தியே சொல்லிக் குடுத்தவ நான். இந்த வருஷம் பிள்ளைங்க என்கிட்டயா கத்துக்கிச்சுங்க? உன் பெட்டிகிட்டல்ல கத்துக்கிச்சுங்க. நான் சும்மா எதுத்தாப்புல உக்காந்திருந்தேன். படிச்சிடும்மா, அழாமப் படி."

சொல்லிவிட்டு மேடையைக் கடந்து இடது பக்கத் திரைக்குப் போய்விட்டார். அவருடைய இடம் எப்போதும் அதுதான்.

மருமகளுக்கும் ஆட்டத்துக்கும் ஏழாம் பொருத்தம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குழாய்க்குக் குழாய் பெயர் எழுதி ஒட்டுவதுதான் பிழைப்பு. இடது எது வலது எது என்று கேட்டால் எந்தக் கையால் எழுதுகிறோம் என்று யோசித்துத்தான் சொல்லுவாள். கல்யாணமாகி வந்த வருடம் ஊக்கு மாட்டிவிட ஆள் போதவில்லை என்று மாமியார் இழுத்துக்கொண்டு போனார். நாலு பிள்ளைகளை ஆட விட்டுக் கைதட்டு வாங்க இவ்வளவு அமர்க்களமா என்று அன்றைக்கு உள்ளுக்குள் முணுமுணுத்தவள்தான்.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. எந்த ஆட்டத்துக்குப் பின் எந்த ஆட்டம் என்பதை மாமியார் உடை மாற்ற ஆகும் நிமிடங்களை வைத்துத்தான் முடிவு செய்வார். அழுகிற பிள்ளையை ஓரத்தில் ஒளிக்காமல் நட்டநடுவில் நிறுத்துவார். இரண்டு பக்கமும் ஆள் இருந்தால் அழுகை தானாக நிற்கும் என்பார். விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு, பயிற்சிக் கூடத்தில் சுவர் முழுக்க இருந்த கண்ணாடியைப் படுக்கை விரிப்புகளால் மூடிவிடுவார். மேடையில் கண்ணாடி இருக்காது; திடீரென்று தன்னைக் காணாமல் பிள்ளைகள் மிரளக் கூடாது. முதல் நாள் ஒரே கூச்சல், குழப்பம், ஒருத்தர் மேல் ஒருத்தர் முட்டல். மூன்றாம் நாள் பிள்ளைகள் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து ஆடத் தொடங்கியிருந்தன. அதைப் பார்த்துவிட்டு வந்து அவள் கணவனிடம், "உங்கம்மா சாதாரண ஆள் இல்லங்க" என்றாள். "இது தெரிய உனக்கு நாலு வருஷமாச்சா?" என்றான் அவன். ஆமாம், ஆனது. அதற்குப் பிறகு அவள் ஒரு விழாவுக்கும் விடுப்பு எடுக்காமல் இருந்ததில்லை.

இந்த வருடம் மாமியாருக்குத் தொண்டையில் கட்டி என்றார்கள், குரல் பழையபடி வருமா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். மருத்துவமனையில் சேருவதற்கு முந்தின வகுப்பை மருமகள் அப்படியே பதிவு செய்துகொண்டாள். பாட்டு, பாட்டின் மேல் மாமியாரின் அதட்டல், எல்லாம் சேர்த்து. திரும்பி வந்த பின் ஏழு வாரம் அந்தப் பதிவைப் போட்டுத்தான் தவளைகளுக்குப் பயிற்சி நடந்தது. மாமியார் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வாய் மூடியிருக்கும். புருவமும் தாடையும் விரல்களும் மட்டும் ஓயாது.

நான்கு மணிக்குத் திரை விலகியது. முதல் ஐந்து ஆட்டங்கள் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தன. ஆறாவது தவளைகள். பன்னிரண்டும் போய்ப் பச்சை உருண்டைகளாகக் குந்தின. விளக்கு வந்தது. மருமகளின் மனமெல்லாம் அந்த நாலு வரியில் இருந்தது. ஏழு வாரமாக ஒரே இடத்தில் அழுத்திப் பழகிய விரல், மேடைக்கான வெறும் பாட்டை விட்டுப் பயிற்சிப் பதிவை அழுத்திவிட்டது.

"மூக்க நோண்டாத! எல்லாரும் முதுக நிமித்து! ஆறு, ஏழு, எட்டு!"

அரங்கம் அதிர்ந்தது. அறுவைக்கு முந்தைய குரல், மூன்று தெரு தாண்டிக் கேட்கும் குரல், ஆளுயர ஒலிபெருக்கிகளில். ஊரார் ரத்தத்துக்கெல்லாம் ஒழுங்காகப் பெயர் ஒட்டுகிறவள், அத்தையின் கடைசி விழாவில் போய் இப்படியா? மருமகள் நிறுத்த விரலை வைத்தபோது எதிர்ப் பக்கம் பார்த்தாள். இடது திரையின் இருட்டில் மாமியார் உள்ளங்கையைக் காட்டி நின்றார். நிறுத்தாதே.

தவளைகளுக்கு எந்தத் திகைப்பும் இல்லை. அவர்களுக்குப் பாட்டு என்றால் இதுதான். சொன்ன நொடியில் குதித்தன, சொன்ன நொடியில் கை விரித்தன. சபையில் சிரிப்பு கிளம்பியது. "கட்டெறும்பு, அந்தப் பக்கம் இல்லடி, இந்தப் பக்கம்!" என்று குரல் போட்ட அதே நொடியில், மாமியார் கட்டெறும்பு என்று கூப்பிடுகிற, வகுப்பிலேயே குட்டியான பிள்ளை, தினமும் தப்புகிற அதே இடத்தில் தப்பப் போய், வெடுக்கென்று சரியான பக்கம் திரும்பினாள். சிரிப்பில் கூரை பிய்த்துக்கொண்டது. அதன் பிறகு, ஏனோ, சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. எல்லாரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே அந்தக் குரலைக் கேட்கத் தொடங்கினார்கள்.

மருமகள் மேடையைப் பார்க்கவில்லை. எதிர்ப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் வருகிற ஒவ்வொரு அதட்டலுக்கும் மாமியாரின் உதடுகள் அசைந்தன. ஒரு வார்த்தை முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. இந்த மனுஷியை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பதினோரு வருடத்தில் அதை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

பாட்டு முடிந்தது. பதிவு முடியவில்லை.

"நல்லா இல்ல. யாரும் தண்ணி குடிக்கப் போகக் கூடாது. திரும்ப முதல்லேருந்து!"

அத்தோடு பதிவு நின்றது. கைதட்டல் இடியாக எழுந்தது. வணங்கிவிட்டு உள்ளே ஓடி வர வேண்டிய தவளைகள் வணங்கவில்லை. சொன்னபடி கேட்கிற பிள்ளைகள் அவை. குடுகுடுவென்று பழைய இடங்களுக்கு ஓடிப் போய்க் குந்திக்கொண்டன. கைதட்டல் குழம்பித் தேய்ந்து நின்றது. அரங்கத்தில் ஒரு சத்தமும் இல்லை.

மருமகள் சரியான பாட்டைத் தேடி விரலை அதன் மேல் வைத்தாள். அழுத்துவதற்கு முன் பிள்ளைகளை ஒருமுறை பார்த்தாள். ஒன்றுகூட அவள் பக்கம், அந்தப் பெட்டியின் பக்கம் திரும்பவில்லை. பன்னிரண்டு தலைகளும் இடது திரையைப் பார்த்துத் திரும்பியிருந்தன. இருபத்து நான்கு முட்டைக் கண்களும் அந்தப் பக்கமே.

மாமியார் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மேடைக்கு அப்பால் மருமகளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் விரலை எடுத்தாள்.

மாமியாரின் தாடை ஒருமுறை அசைந்தது. ஆறு. இன்னொருமுறை. ஏழு. புருவம் மேலே ஏறியது.

பாட்டும் இல்லாத, குரலும் இல்லாத அந்த மேடையில் பன்னிரண்டு தவளைகளும் ஒன்றாக எழும்பி, பலகை அதிர ஒரே சத்தமாக இறங்கின.