சுவருக்கு உடுத்திய சாறன்

...இதுவும் அப்படித்தான், மூன்றாவதும், அதே இடத்தில், நடுவில், நீலக் கோடு நேராக வந்து அங்கே மட்டும் சிறிதாக வயிறு தள்ளி மறுபடி நேராகப் போகிறது, மூன்று லென்ஸ், மூன்று கம்பனி, முதலாவது பித்தளை, இரண்டாவது கறுப்பு, இன்று காலை வந்த இது வெள்ளி நிறம், மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே குற்றம் எப்படி வரும்... வரலாம், ஏன் வரக்கூடாது, மூன்றும் ஒரே பழைய ஜேர்மன் லென்ஸைப் பார்த்துச் சீனாவில் செய்தவை, தாய் ஒன்றென்றால் பிள்ளைகளின் மூக்கு ஒன்றாக இருக்காதா. முபீன் கமராவின் சின்னத் திரையில் உருப்பெருக்கியை வைத்து, இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் மறுபடி பார்த்தான். பின்னறைச் சுவரில் மருதமுனைக் கைத்தறிச் சாறன் ஒன்றை மூலைகளில் ஆணியடித்து இழுத்துக் கட்டியிருந்தான், வெள்ளையில் நீலக் கட்டம், லென்ஸ் சோதிக்க இதைவிட நல்ல சாமான் இல்லை, தறியில் பாவு நேராகத்தான் போகும், ஊடு நேராகத்தான் வரும், படத்தில் கோடு வளைந்தால் வளைத்தது லென்ஸ்தான், வேறு எது வளைக்கும். அஸர் தொழுதுவிட்டு வந்து தொடங்கியது, வயல் பக்கத்து வெயில் யன்னலால் சாறனில் விழுகிற நேரம் இது ஒன்றுதான், ஒரு படம் எடுத்தான், பார்த்தான், லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி இன்னொன்று எடுத்தான், பார்த்தான், வளைவு சுருங்கவில்லை, கூடவுமில்லை, லென்ஸின் குற்றமென்றால் கொஞ்சமாவது மாறவேண்டும்... அதை யோசிக்கவேண்டாம்.

குற்றம் என்று சொல்வதே சரியா. இந்த நகல் லென்ஸ்களைச் செய்பவன் குற்றத்தைத்தான் விற்கிறான், பழையதில் விளக்கைச் சுற்றிப் பால் போல ஒரு மங்கல் வரும், நகலிலும் வரவேண்டும், பழையதில் ஓரங்கள் கரையும், நகலிலும் கரையவேண்டும், கரையாவிட்டால் நகல் சரியில்லையென்று ஆட்கள் திருப்பி அனுப்புகிறார்கள், கறுப்பு மையைக்கூடக் கையில் தேய்ந்து பித்தளை தெரியும்படி மெல்லிசாகத்தான் பூசுகிறான். ஆகவே முதலாவது லென்ஸில் கோடு வளைந்தபோது முபீனுக்குச் சந்தோஷம்தான் வந்தது, இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்துச் செய்திருக்கிறானே என்று. அசல் லென்ஸை அவன் தொட்டதில்லை, தொடப்போவதுமில்லை, தொடாததோடு ஒப்பிட்டு இது சரி இது பிழையென்று எப்படிச் சொல்வது, மற்றவர்கள் எழுதுவதை வைத்துத்தான். இணையக் குழுவில் எழுதினான், நடுவில் அலை போல ஒரு வளைவு, வேறு யாருக்கும் உண்டா என்று. போலந்துக்காரன் ஒருவன் தன்னுடையதில் இல்லை என்றான், வேறு சிலரும் இல்லை என்றார்கள், இந்தோனேசியாக்காரன் ஒருவன் மட்டும் பழையவற்றில் சிலதுக்கு அப்படியொரு குணம் உண்டென்று எழுதினான். முபீன் அவனைத்தான் பிடித்துக்கொண்டான். குணம். நல்ல சொல். அந்தச் சொல்லோடு சில மாதங்கள் நிம்மதியாக இருந்தான், பிறகு ஒப்பிட்டுப் பார்ப்போமென்று கறுப்பு லென்ஸை எடுத்தான், அதிலும் அதே குணம்.

பாண்டிருப்புச் சுபாஸ்கரனிடமும் அதே கறுப்பு லென்ஸ் இருக்கிறது, வங்கியில் வேலை, லீவு நாட்களில் இரண்டு பேரும் கடற்கரையில் தோணிகளை எடுத்து ஒப்பிடுவார்கள், ஒரே தோணியை ஒரே இடத்தில் நின்று, முதலில் இவன், பிறகு அவன். அன்றும் அப்படித்தான், லென்ஸை மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள், சுபாஸ்கரன் சிரித்தான். "என்ன மச்சான், உன்ட லென்ஸிலயும் வளையுது எண்டுறாய், என்ட லென்ஸிலயும் வளையுது எண்டுறாய். நீ படம் எடுக்க வாங்கிறல்ல, குத்தம் பிடிக்க வாங்கிறாய். இஞ்ச பார், கடல் நேரா இருக்கா சொல்லு." முபீன் எடுத்த படத்தை உருப்பெருக்கிக்குள் பார்த்தான். கடலும் வானமும் சேருகிற கோடு நடுவில் வளைந்திருந்தது. நேராத்தான் இருக்கு மச்சான் என்று சொன்னான், ஏன் அப்படிச் சொன்னான், இப்போதும் தெரியவில்லை, வாய் முந்திவிட்டது. "அப்ப சரி," என்றான் சுபாஸ்கரன், "கடல் தப்பிட்டு." மீன்காரர்கள் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் கத்தியதில் பேச்சு வேறு பக்கம் போனது. கமராவில்தான் பிழை, டோஹாவில் மச்சினன் பாவித்துக் களைத்த கமரா, விழுத்தியிருப்பான், சொல்லமாட்டான்.

முன்னறையில் அயன் பெட்டி மேசையில் தட்டுகிற சத்தம், மனைவி முஸ்பிறா அபாயாவுக்கு அயன் போடுகிறாள், மஃரிப் தொழுகைக்குப் பிறகு நிந்தவூரில் கலியாண வீடு, இவன் ஆண்கள் பக்கம், அவள் பெண்கள் பக்கம், மணமகளின் படத்தை ஆண் எடுக்கக்கூடாதென்று வீட்டுக்காரர் சொல்லத் தொடங்கிய காலத்தில் இவன்தான் அவளுக்கு கமரா பழக்கினான், இப்போது அவளைத்தான் முதலில் கேட்டு வருகிறார்கள். கலியாணத்துக்கு வேறு கமரா, தானாகவே கூர்மை பிடிக்கிற கமரா, அது இவன் கண்ணைக் கேட்பதில்லை, முகத்தைத் தானே கண்டுபிடித்துச் சின்னக் கட்டம் போட்டுக் காட்டும், அழுத்தினால் போதும். அழுத்தினால் போதும் என்பதால்தான் அதில் அவனுக்குப் பிரியமில்லை, கையிலிருக்கிற இந்தக் கமராவில் அப்படியில்லை, வியூபைண்டருக்குள் நடுவில் மஞ்சள் கட்டம், அதற்குள் ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரியும், லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றின்மேல் ஒன்று படியும், படிகிற அந்த இடம்தான், அதற்காகத்தான். கொஞ்ச நாளாக அது படிவதில்லை. கிட்ட வருகிறது, விளிம்பில் வழுக்குகிறது. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கப் போன இடத்தில் டொக்டர் பொடியன் கண்ணையும் ஒருக்காக் காட்டுங்க என்றான், எல்லோருக்கும் சொல்வான், சொல்வது அவன் வேலை. போன மாதம் மோட்டர்சைக்கிளைக் கேற் தூணில் இடித்தது வேறு விசயம், பக்கத்து வீட்டுக்காரன் தூணுக்கு சீமெந்து அப்பி அகட்டி வைத்திருக்கிறான், இந்த ஊரில் யார்தான் தன் எல்லையில் நிற்கிறான்.

வாப்பா மீராசா ஒரு காலத்தில் பள்ளிவாசல் மினாறா சரிகிறதென்று சொன்னார். ஏன் இப்போது அது... மீராசா சொன்னால் சும்மா சொல்லிவிட்டுப் போகிற ஆளில்லை, நேரே பள்ளி நிர்வாகம் பார்க்கிற மரைக்காயர்மாரிடம் போனார், மினாறா நடுவில் வளையுது, ஒரு நாளைக்கு ஜும்ஆவுக்குள்ள விழப்போகுது, நான் சொல்லிட்டன் என்றார். அவர்கள் பயந்துபோய் மேசனைக் கூப்பிட்டுத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார்கள், மினாறா நேராக நின்றது. அதன் பிறகு ஊரில் யாரைக் கண்டாலும், "மீராசாக்கா, மினாறா நிமிந்துட்டா?" வாப்பாவும் சளைக்கவில்லை, "நீங்க எல்லாரும் சேந்து வளைஞ்சி நிக்கிறீங்க, அதான் உங்களுக்கு நேராத் தெரியுது," என்பார். சிரிப்பார்கள். பிறகு அவர் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு மினாறாவைப் பார்க்கத் தொடங்கினார், பிறகு பொத்திய கண் போனது, பிறகு மற்றக் கண், பிறகு தோளைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போனார், யாருடைய தோள் என்று தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டு. அது வாப்பாவுக்கு. வாப்பா சீனி வருத்தத்துக்கு மருந்து குடிக்கவில்லை, மாத்திரையை வாய்க்குள் வைத்துவிட்டு வாழையடியில் துப்பினார். இவன் குடிக்கிறான். பெரும்பாலும் குடிக்கிறான்.

மூன்றையும் இன்னொரு முறை வரிசையாகப் பார்த்தால் என்ன, பித்தளையிலிருந்து தொடங்கி. வெள்ளி லென்ஸைத் திருகிக் கழற்றினான், தூசி விழாமல் கமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்தான், பித்தளையை எடுக்கக் கையை நீட்டியவன் யன்னல் வெயில் போகப்போகிறதா என்று பார்க்க, பழக்கத்தில், கமராவைக் கண்ணுக்குத் தூக்கினான். லென்ஸ் இல்லாத கமரா. இந்த வகைக் கமராவில் வியூபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, அது தனி யன்னல், லென்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுவர் தெரியும், இது அவனுக்குத் தெரியாததா, புதிதாக வாங்குகிற ஆட்களுக்கு இவன்தானே குழுவில் விளக்கம் எழுதுகிறான். சாறன் தெரிந்தது. நீலக் கோடு நேராக வந்து, நடுவில் வளைந்து, மறுபடி நேராகப் போனது. அவன் கமராவை இறக்கவில்லை. கண்ணை மட்டும் இடப் பக்கத்துக் கட்டத்துக்குக் கொண்டுபோனான், வளைவும் கூடவே போனது, மேலே போனான், மேலே வந்தது, சாறனின் மூலையில் ஆணியைப் பார்த்தான், ஆணி வளைந்திருந்தது. உருப்பெருக்கியை எப்போதும் நடுவில்தான் வைத்திருக்கிறான், இத்தனை படம், ஒரு படத்திலாவது அதைத் தள்ளிப் பார்த்திருக்கலாம்.

வியூபைண்டர் கண்ணாடியில் எண்ணெய் பட்டிருக்கும்... சாறன் நுனியால் துடைத்தான், உடுத்திருக்கிற சாறனால், மறுபடி பார்த்தான். உள்ளே முப்பட்டகம் அசைந்திருக்கும், மச்சினன் விழுத்தினானே, விழுத்தினான் என்று யார் சொன்னது, நான்தான் சொன்னேன். கமராவை மேசையில் வைத்தான். ஒன்றும் இல்லாமல், வெறும் கண்ணால், சுவருக்கு முன்னால் நின்றான். இரண்டு கண்ணாலும் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு நடுக்கம், வெயிலில் தார் வீதிக்கு மேலே தெரிவது போல, அவ்வளவுதான். உள்ளங்கையால் வலக்கண்ணைப் பொத்தினான். கோடுகள் நேராக நின்றன. எல்லாக் கோடும், மேலிருந்து கீழே, நெய்தவனின் கையிலிருந்து வந்தபடியே. கையை மாற்றினான். மாற்றியபோது யாரோ கதவடியில் நிற்பதுபோல இருந்தது, திரும்பினான், யாருமில்லை. மூன்று லென்ஸும் மேசையில் கிடந்தன, மூன்றிலும் குற்றமில்லை, போலந்துக்காரன் சொன்னது சரி, சுபாஸ்கரன் சொன்னது சரி, நல்ல லென்ஸ்கள், எவ்வளவு நல்ல லென்ஸ்கள் என்று இனி எந்தக் கண்ணால் பார்ப்பது. இடக்கண் இருக்கிறது. இடக்கண்ணை வியூபைண்டரில் வைத்துப் பழகலாம், ஆட்கள் வைக்கிறார்கள். வாப்பாவுக்கும் மற்றக் கண் இருந்தது.

ஒரு ஆள் சொன்னால் போதும். ஒரு ஆள் வந்து பார்த்து, ஓம், வளைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டால், கண் பொய், கை பொய், பொத்தியதில் அழுத்திவிட்டேன், வெயில் மாறிவிட்டது, என்னவும் இருக்கலாம். அவன் வெள்ளி லென்ஸை மறுபடி பூட்டி, கடைசியாக எடுத்த படத்தைத் திரையில் கொண்டுவந்து, முஸ்பிறா, இஞ்ச ஒருக்கா வா என்றான். அவள் அயன் பெட்டியை நிறுத்திவிட்டு வந்தாள்.

"இன்னும் அந்தச் சாறனோடயா மல்லுக்கட்டுறீங்க? மனிசன் உடுக்கிற சாமான சுவருக்கு உடுத்தி வெச்சிருக்கீங்க."

"இதப் பாரு. கோடு நேரா இருக்கா?"

"எனக்கென்ன விளங்கும் உங்கட கோடு."

"பாத்துச் சொல்லு, கிளி."

அவள் கமராவை வாங்கினாள். உருப்பெருக்கியை அவன் நீட்ட, வேண்டாமென்று தலையசைத்தாள். திரையைப் பார்த்தாள், பிறகு மேசையில் கிடந்த லென்ஸ்களை, பிறகு இவனை, இவன் வலக்கண் ஓரத்தில் உள்ளங்கை அழுத்திய தடம் இன்னும் இருந்திருக்கும், மறுபடி திரையை, இந்த முறை அதிக நேரம். வீதியில் பாண்காரனின் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனது.

"ஓம்," என்றாள். "வளைஞ்சிதான் இருக்கு."

"எந்த இடத்தில?"

அவள் விரல் திரைக்கு மேலே கொஞ்ச நேரம் நின்று ஓரத்தில் ஒரு இடத்தைத் தொட்டது. "இதில. இதாலதான் போகுது."

அங்கே ஒன்றுமில்லை. அங்கே அவன் எந்த நாளும் எதையும் கண்டதில்லை. "ஓம், இதில," என்றான்.

"அப்ப இதுவும் சரியில்ல. அனுப்பிப்போட்டு வேற ஒண்டு எடுங்களன்." கமராவை மேசையில் வைக்கவில்லை, அவன் கையைப் பிடித்து அதற்குள் வைத்தாள். "வெளிக்கிடுங்க, நேரமாகுது. மோட்டர்சைக்கிள் வேணாம், அஸ்ஹர்ட ஓட்டோவுக்குச் சொல்லிட்டன்."

"ஏன்?"

"மழை வாற மாதிரி இருக்கு."

யன்னலில் வெயில் நின்றது. அவள் போய்விட்டாள், அயன் பெட்டி மறுபடி தட்டத் தொடங்கியது. முதலாவது லென்ஸுக்கு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தவள், கறுப்புக்கு, கொண்டுபோய்க் கடலில் போடுங்க என்றவள்... வேற ஒண்டு எடுங்களன். போன கிழமை சாய்ந்தமருதுக் கலியாணத்துக்கும் ஓட்டோதான், அன்றும் மழை வருமென்றுதான் சொன்னாள், அதற்கு முந்தியதுக்கும் ஓட்டோவா, அது நினைவில்லை, எப்போதிருந்து, கேற் தூணில் இடித்த பிறகா, அதற்கும் முதலா, என்னைவிட எவ்வளவு முதல் இவளுக்குத் தெரியும். அன்று மழை வந்ததா. திரும்பி வரும்போது வீதி மினுங்கியது, அது நன்றாக நினைவிருக்கிறது, கல்முனை வரைக்கும் வீதி விளக்குகள் கீழேயும் நீண்டு கிடந்தன, அவன் அவளிடம் அதைக் காட்டினான், பார், எவ்வளவு வடிவு என்று, அவள் பார்த்தாள், ஓம் என்றாள், இன்றைக்குச் சொன்ன அதே ஓம்... ஓட்டோவின் பக்கச் சீலை இறக்கியிருந்ததா, அவள் அபாயா நனைந்திருந்ததா, வீட்டுக்குள் ஏறும்போது செருப்பில் சேறு இருந்ததா.