டிரசர் பெயர் வைத்த மீன்

மருந்து கொடுக்கும் டிரசருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று ரப்பர் தோட்டத்துக் காகிதத்தில் இருக்கிறது. காய்ச்சலுக்கு அது தெரியாது. காலையிலிருந்து ஐம்பது பேருக்கு மேல் மாத்திரை கொடுத்து முடித்து, மருந்துக்கொட்டகையின் பெஞ்சில் கேப்ரியல் அப்போதுதான் காலை நீட்டினார். மயிலம்மாள் ஈரக்கூடையை அவர் முன்னால் இறக்கிவைத்தாள்.

"டிரசரே, இது என்னா மீனுங்க?"

மலாயாவில் அவசரகாலத்தின் நாலாவது வருடம் அது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடுமாம் என்று அரிசியை அளந்துதான் கொடுத்தார்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகக் கூடாது. கம்பிவேலி வாசலில் காவல்காரர்கள் சீலை மடிப்பு வரைக்கும் தடவிப் பார்ப்பார்கள். வாரத்தில் ஒருநாள் அனுமதி வாங்கி, இரண்டு மைல் நடந்து, போர்ட்டிக்சன் கடலோரத்தில் பெண்கள் சிப்பி பொறுக்குவார்கள். அன்று கடல் வற்றியபோது மணற்குழியில் அகப்பட்டுக் கிடந்தவை இந்த மீன்கள். சாண் நீளம்கூட இல்லை. முதுகில் புள்ளி, வயிறு வெள்ளை.

கேப்ரியல் ரெம்பாவ் பக்கம் ஆற்றோரத்தில் வளர்ந்தவர். கடல்மீன் என்றால் அவருக்குக் கருவாடும் டின் சார்டினும்தான். ஆனால் கடிதம் படிக்க, கனவுக்குப் பலன் கேட்க, எல்லாவற்றுக்கும் டிரசரிடம் வருவதுதான் அந்தத் தோட்டத்து வழக்கம். பதில் சொல்லிச் சொல்லி, சொல்லாமல் இருக்க அவருக்கு மறந்துபோயிருந்தது.

"கடல் கெளுத்தி."

"கெளுத்திக்கு மீசை இருக்குமே?"

"சின்னதுல்ல. பெறவு முளைக்கும்லா."

"விசம் கிசம் இருக்காதே? எங்க வீட்டுக்காரரு காய்ச்சல்ல வாய் செத்துக் கெடக்காரு. அவருக்குத்தான்."

"ஜப்பான்காரன் காலத்துல மரவள்ளியத் தின்னுதான பொழச்சோம்? அதுலயும்தான் விசம். நல்லா வேக வை, எல்லாம் போயிரும். போ, மயிலம்மா, நான் கொஞ்சம் கண்ண மூடணும்."

அவள் ஒரு மீனை அவருக்கென்று இலையில் வைத்துவிட்டு, மற்ற ஆறையும் தூக்கிக்கொண்டு போனாள்.

கண் மூடவில்லை. எதையும் திருப்பிப் பார்த்து, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்காமல் அவரால் இருக்க முடியாது. மீனைப் புரட்டினார். செதில் இல்லை, தடவினால் மணல்தாள் போலச் சொரசொரப்பு. வாயைத் திறந்தார். மேலே இரண்டு, கீழே இரண்டு, கிளிமூக்கைப் போல நாலே பல். வயிற்றுத்தோல் காலிப்பை போலத் தொளதொளவென்று தொங்கியது. உடம்பில் வேலையில்லாத தோல் கிடையாது. அப்படியானால் இந்தப் பை எதற்கு?

கடலோரத்து ஆள் யாரையாவது கேட்டால்தான் தெரியும். மீனை இலையோடு எடுத்துக்கொண்டு கம்பிவேலி வாசலுக்கு நடந்தார்.

வாசலில் காவல்காரன் ஹாருன் நின்றான். கடலோர மலாய்க் கிராமத்துக்காரன், மீன்பிடிக் குடும்பம். தொழிலாளர் லயத்தில் யாரும் அவனோடு பேசுவதில்லை. முந்தாநாள்கூடக் கேப்ரியலின் மருந்துப் பையைத் தரையில் கொட்டிச் சோதித்தவன். இலையைப் பார்த்ததும் பின்வாங்கினான்.

"இக்கான் புந்தால்! ஜாஙான் மாக்கான்!" சாப்பிடாதே என்றான்.

கேட்கக் கேட்க அவன் மலாயில் விளக்கினான். பயந்தால் தண்ணீரை விழுங்கிப் பந்தாக ஊதிக்கொள்ளும். அந்தத் தோல் அதற்குத்தான். தமிழ்நாட்டுக் கடற்கரையில் பேத்தை என்கிறார்களே, அந்த மீன். ஈரலிலும் சினையிலும் தோலிலும் விஷம். முதலில் உதடு மரத்துப்போகும், பிறகு கை கால், கடைசியில் மூச்சு. மரவள்ளியின் விஷம் வேகும்போது ஆவியிலும் வடித்த தண்ணீரிலும் போய்விடும். இதன் விஷம் நெருப்புக்கு அசையாது. குழம்பிலேயே இறங்கி நிற்கும்.

கேப்ரியல் ஓடினார். ஓடும்போதே மனம் ஒரு வழி கண்டுபிடித்தது: மீன் கெட்டுப்போச்சு, கொட்டிடு என்றால் போதும். மானமும் போகாது.

மயிலம்மாளின் அடுப்பில் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி பாஞ்சாலை கூடையோடு நின்றாள்.

"டிரசரே, நீங்க சொன்ன கெளுத்தி அங்க இன்னும் கெடக்குதாம்! அடுத்த வாரம் எங்க லயமே போவுது!"

கெட்டுப்போன மீன் என்று சொன்னால் இந்த வீடு மட்டும்தான் தப்பும், அடுத்த வாரம் போகிறவர்கள் தப்பமாட்டார்கள். அவருக்குப் புரிந்துவிட்டது.

"எறக்குங்க. அது கெளுத்தி இல்ல, விச மீனு. வேக வச்சாலும் போவாது. எனக்கு அது என்னான்னே தெரியல, மயிலம்மா. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். வாசல்ல நிக்கிற ஹாருன்கிட்ட கேட்டுத்தான் தெரிஞ்சுது."

பாயில் காய்ச்சலோடு கிடந்த அவள் புருஷன் நல்லசாமி மெதுவாகச் சொன்னார்: "உப்பு பாக்க ஒரு சொட்டு நக்குனேனே..."

கேப்ரியல் அவர் பக்கத்தில் மண்டியிட்டார். "ஒதடு எப்படி இருக்கு? மரத்துப்போவுதா?"

"எரியுது. இவ மொளகாய அள்ளிக் கொட்டிட்டா."

யாரும் சிரிக்கவில்லை. கோழியும் நாயும் தோண்டாதபடி ஆழமாகக் குழிவெட்டி, சட்டியோடு புதைத்தார்கள். இலையில் இருந்ததும் உள்ளே போனது. ஊரடங்குச் சங்கு ஊதும்வரை கேப்ரியல் அங்கேயே உட்கார்ந்து, கால்மணிக்கு ஒருதரம் நல்லசாமியை விரலை மடக்கி நீட்டச் சொன்னார். விரல்கள் மடங்கின, நீண்டன.

அவர் எழுந்தபோது மயிலம்மாள் வாசற்படியில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவளுக்கு வெறும் சோறுதான்.

"மன்னிச்சிருங்க."

"நாங்க படிக்காதவங்க, டிரசரே. எங்களுக்குத் தெரியலன்னா ஒங்ககிட்ட வந்து கேட்டுக்குவோம். ஒங்களுக்குத் தெரியலன்னா நீங்களும் போயி கேளுங்க, வாசல்ல நிக்கிறவனா இருந்தாலும். 'தெரியாது'ன்னு ஒருத்தர் சொன்னா யாரும் சாவறதில்ல. தெரியாதத தெரியும்னு சொன்னாத்தான் அடுத்தவன் சாவான்."