பூசணிக்காயிடம் சொன்ன சொல்

ஐந்து மணி நேரப் பாதையைக் கடந்து வீடு சேர சர்வேயருக்கும் அவர் மனைவிக்கும் பத்தொன்பது நாள் ஆயிற்று. அத்தனை நாளில் வண்டி ஒரு முறைகூடப் பழுதாகவில்லை, ஒரு திருப்பத்திலும் வழி தவறவில்லை. நிலம் அளந்தே தலை நரைத்த மனிதர் அவர். அவரிடம் போய்ச் சாலை இப்படி விளையாடியிருக்க வேண்டாம்.

மகளைக் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். விடுதி வாசலில் பெண் ஒரு கையில் வாளியும் மறு கையில் தலையணையுமாக, "சரிம்மா, நான் போறேன்" என்று சொல்லிப் படியேறிவிட்டாள். 'போயிட்டு வரேன்' என்று சொல்லவில்லை. தையற்கடை வைத்திருக்கும் தாய்க்கு அது சுருக்கென்று தைத்தது. 'போறேன்' என்ற சொல் அந்த அம்மாள் வாயில் வந்ததே கிடையாது. பல் பிடுங்கிய டாக்டரிடமே "போயிட்டு வரேன்" என்று விடைபெற்று, மறுவாரம் இன்னொரு பல்லோடு போய் நின்றவள்.

வண்டியில் ஏறியதும் அழ ஆரம்பித்தாள். சர்வேயருக்குத் தேற்றத் தெரியாது. வழியில் எதற்கும் நிறுத்தாத மனிதர், கண்ணில் பட்ட முதல் விளம்பரப் பலகையிடம் தஞ்சம் புகுந்தார். உலகின் மிகப் பெரிய பூசணிக்காய் என்று போட்டிருந்தது. மூன்று மாடி உயரம், முழுக்க சிமெண்டு. சர்வேயர் அளந்து பார்த்தார். பலகையில் இருந்ததைவிட அரை அடி கூட இருந்தது. "வளர்ற வயசு சார்" என்றார் காவல்காரர். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதன் வயிற்றுக்குள் இருந்த ஏணியில் ஏறிப் பார்த்தாள். மருந்து வேலை செய்கிறது என்று கண்ட சர்வேயர் அடுத்துத் தலைகீழ் வீட்டில் நிறுத்தினார். தலைக்கு மேலே இருந்த தரையில் ஒரு குடும்பம் நடமாடிக்கொண்டிருந்தது. அங்கே தண்ணீர் மேல்நோக்கிப் போவதால் தம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக் குடிக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்தது பேசும் பாறை. மற்றப் பாறைகள் சொன்னதையே திருப்பிச் சொல்லும், இது பதில் சொல்லும். சௌக்கியமா என்று கேட்டால், "இருக்கேன், நீங்க?" என்றது.

மூன்று இடத்திலும் மனைவி முறையாக, "போயிட்டு வரோம்" என்று சொல்லிக்கொண்டாள். பாறை மட்டும், "அவசியம் வாங்க" என்றது. ஒரு மணி நேரம் கழித்துச் சாலையோரத்தில் மறுபடி பூசணிக்காய் நின்றது. காவல்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாங்க. சொன்ன மாதிரியே வந்துட்டீங்க."

பிறகு பூசணிக்காய், வீடு, பாறை, மறுபடி பூசணிக்காய். சர்வேயர் நிலம் அளக்கும் சங்கிலி போட்டுச் சாலையை அளந்தார். அது நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது, அதுதான் அவருக்கு ஆத்திரம். இரண்டாவது வாரத்தில் தலைகீழ் வீட்டுக்காரிக்குப் பாவாடை நழுவாமல் இருக்கக் கீழ்மடிப்பில் கொக்கி வைத்துத் தைத்துக் கொடுத்தாள் மனைவி. அவர்கள் நன்றி சொன்னார்கள், இவளும் போயிட்டு வரோம் என்று சொன்னாள். பத்தொன்பதாம் நாள், தினமும் தங்களைத் தாண்டிப் போகும் லாரி டிரைவரைப் பாறைக்குப் பக்கத்தில் சர்வேயர் மறித்தார். நீ மட்டும் எப்படி நேராகப் போகிறாய் என்று கேட்டார்.

"நான் யார்கிட்டயும் சொல்லிக்கிறதில்ல சார். என் பாட்டுக்குப் போயிடுவேன்."

சர்வேயருக்கு விளங்கிவிட்டது. "போறோம்னு சொல்லிடு. ஒரே வார்த்தை" என்றார் மனைவியிடம்.

"வாயக் கழுவுங்க" என்றாள். சம்மதிக்க அரை நாள் பிடித்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, பூசணிக்காய்க்கும் வீட்டுக்கும் சேர்த்துப் பாறையிடம், "நாங்க போறோம்" என்றாள். பாறையும், "சரி" என்றது.

இரண்டு மணி நேரத்தில் வீடு வந்தது. சர்வேயர் தன் கண்டுபிடிப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டே பூட்டைத் திறந்தார். மனைவி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப அந்த வார்த்தை பலிக்குது. அவளும் அதைத்தானே சொல்லிட்டுப் போனா."

சர்வேயர் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பலிக்கத்தான் செய்தது. முதல் விடுமுறையில் பெண்ணுக்குத் தேர்வு, இரண்டாவதில் பயிற்சி. மூன்றாவதில் கிளம்பியே விட்டாள். பஸ் பாதி வழியில் தானாகத் திரும்பி அவளை விடுதி வாசலில் இறக்கிவிட்டுப் போயிற்று. தாய் ஒவ்வொரு ஞாயிறும் போனில் கெஞ்சினாள். "போயிட்டு வரேன்னு ஒரே ஒரு தடவ சொல்லேன்டி."

"என்னம்மா இது, கிறுக்குத்தனமா? சரி, வெச்சிடறேன்" என்பாள் பெண். இப்படியே ஒன்றரை வருடம் ஓடிற்று. பெண்ணின் அறையில் இருந்த கட்டிலை அந்த அம்மாள் தினமும் உதறிப் போட்டாள்.

நேராக வெட்டினால் வளைந்து கொடுக்காத துணியைக் குறுக்கில் வெட்டுவது தையற்காரர் வழக்கம். அந்த அம்மாளும் ஒரு சனிக்கிழமை காலை, கடையிலிருந்தே மகளுக்குப் போன் செய்தாள்.

"இந்தப் பச்சைத் துணிக்கு இங்க நூலே கிடைக்கல. உங்க ஹாஸ்டல் பக்கத்துல கடை இருக்குல்ல?"

"இருக்கு. இப்பவேவா?"

"இப்பவேதான். அவசரம்."

"சரி, லைன்ல இரு. போயிட்டு வரேன்."

தாய் போனை வைத்துவிட்டு, எதிர் ஸ்டூலில் கிடந்த துணிகளை எடுத்து ஓரமாகப் போட்டாள். இருபது நிமிடத்தில் பெண், வீட்டுச் செருப்போடு, கையில் நூல்கண்டோடு தையற்கடைக்குள் வந்து நின்றாள். நூல்கடைப் படியை விட்டு இறங்கியதுதான் தனக்குத் தெரியும் என்றாள். தாய் நூலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது கிளிப்பச்சைடி. எனக்கு இலைப்பச்சை வேணும்."

பெண் இரண்டு நாள் தங்கினாள். விடுதித் தோழியிடமும் கிளம்பும்போது போயிட்டு வரேன் என்று சொல்லியிருந்ததால் திரும்பிப் போவதில் சிக்கல் இல்லை. அடுத்த சனிக்கிழமை இலைப்பச்சை வந்தது. பிறகு மெரூன், மாம்பழ மஞ்சள், மூன்று விதக் கறுப்பு. சர்வேயர் சுவரை அளந்து நூலுக்கென்று ஓர் அலமாரி அடித்தார், பிறகு இன்னொன்று. ஊரில் எந்த நிறத் துணிக்கும் இப்போது அந்தக் கடையில் நூல் உண்டு. தாய் போன் செய்வதை நிறுத்தி வெகுநாளாகிறது. சனிக்கிழமை காலை மணி அடித்தால் எடுக்கிறாள், அவ்வளவுதான்.

"அம்மா, நூல் ஏதாவது வேணுமா?" என்று மகளே கேட்கிறாள்.