மண் வேலைக்குள் ஒளிந்திருந்த முட்டு

பர்னிச்சர் கடைக்காரர் எஸ்டிமேட்டின் ஐந்தாவது வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். அதில் திருப்தி வராமல் இன்னொரு கோடும் இழுத்தார்.

“மண்ணு தோண்ட இவ்வளவு ரூபாயா? தோண்டினா தங்கம் வருமா என்ன? என் மச்சான் மிஷின் வச்சிருக்கான். டீசல் ஊத்தினா நாலு நாள்ல தோண்டிக் குடுத்துட்டுப் போறான். இதை எடுத்துட்டு மிச்சத்துக்கு ரேட் சொல்லுங்க.”

“அதுக்கென்னண்ணே, எடுத்துட்டாப் போச்சு” என்றார் கட்டடக் கான்ட்ராக்ட் முதலாளி. ஆறு மாதமாக அவர் கைக்கு ஒரு வேலையும் வரவில்லை. இந்த மூன்று மாடிக் கடையும் அடியில் வண்டி நிறுத்தும் தளமும் கட்டுகிற வேலை கிடைத்தால்தான் ஆபீசுக்கு வாடகை கட்ட முடியும். கடைக்காரர் கூரையையே எடுக்கச் சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பார்.

எதிரே இருந்த கணக்கம்மா அடித்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடமாக அந்த ஆபீசில் எஸ்டிமேட் போடுகிறவள் அவள்தான். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அடிக்கப்பட்ட வரியில் மண் மட்டும் இல்லை என்பது அந்த அறையில் அவளுக்கு மட்டுமே தெரியும்.

அதற்குள் முட்டு இருந்தது. பன்னிரண்டு அடி ஆழப் பள்ளம். அதிலிருந்து ஐந்தடி தள்ளிப் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். பழைய இரண்டு மாடி, எட்டுக் குடும்பங்கள். இரும்புத் தூண் இறக்கி, பலகை அடித்து, மண்ணைத் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் அங்கே தோண்டவேண்டும். தோண்டும் கூலியைவிட முட்டின் செலவு அதிகம். ஆனால் முட்டு என்று தனியாக எழுதினால் எந்தப் பேரத்திலும் முதலில் போவது அதுதான். வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துப்போகிற பொருளுக்கு எவர் மனம் வந்து காசு கொடுப்பார்? அதனால் அவள் முட்டை எப்போதும் மண் வேலையின் விலைக்குள் கரைத்துவிடுவாள். மண்ணில் யாரும் அதிகம் பேரம் பேசுவதில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. மிஷின் வைத்திருக்கும் மச்சான் ஒருவன் வருவான் என்று மட்டும் அவள் கணக்குப் போடவில்லை.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நாளைக்குச் சுவர் விழுந்தாலும் மண் நம் வேலை இல்லை என்று ஃபைல் பேசும். அவள் வீட்டுக்காரர் தன் கடையை இழுத்து மூடி ஒரு வருடமாகிறது. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் போன வாரம் மனை அளக்கப் போனபோது பக்கத்து வீட்டுக் கீழ்த்தளத்துப் பெண் வாசலிலேயே வழிமறித்து, “எங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆயிடாதே?” என்று கேட்டிருந்தாள். “முட்டுக் குடுத்துத்தான் தோண்டுவோம்க்கா, பயப்படாதீங்க” என்று இதே வாயால்தான் சொல்லிவிட்டு வந்தாள். தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மறைத்து வைத்துக் காப்பாற்றப் பார்த்ததற்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

“சார், அந்த வரியை எடுக்க முடியாது” என்றாள். “பக்கத்துச் சுவருக்கான முட்டை அதுக்குள்ளதான் வச்சிருக்கேன். தனியா எழுதினா அடிச்சிடுவாங்கன்னு நான்தான் மண்ணோட சேர்த்தேன்.”

முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது. கடைக்காரர் தாள்களை அவள் பக்கம் தள்ளினார்.

“ஓகோ. இன்னும் எங்கெங்கம்மா என்னென்ன ஒளிச்சு வச்சிருக்கே?”

“காட்டுறேன்.”

அவள் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். கம்பியில் சேதாரத்துக்கு ஏற்றி வைத்ததை, மழைக்காலத்துக்கென்று பூச்சு வேலையில் செருகியதை, கடைக்காரரின் கண்ணுக்குக் குறைவாகத் தெரியவேண்டுமென்று மின்சார வேலையில் அமுக்கி வைத்ததை, ஒவ்வொன்றாக வட்டமிட்டாள். பதினோரு வருடத் தொழில் ரகசியம் பத்து நிமிடத்தில் மேசைமேல் வந்துவிட்டது. இத்தனை லேசாக அவள் மூச்சுவிட்டு எத்தனையோ நாளாயிற்று.

“உனக்கென்ன பைத்தியமா? நாளைலருந்து வராதே” என்றார் முதலாளி, பல்லைக் கடித்துக்கொண்டு.

“சரி சார். இன்னிக்கு இருக்கேன்ல, இன்னிக்கு வேலையை முடிச்சுட்டுப் போறேன்.”

கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கோபித்துக்கொள்வதா, விலையைக் குறைத்துக் கேட்பதா என்று அவர் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் வியாபாரம்தான் ஜெயித்தது.

“ஒளிச்சதெல்லாம் கழிச்சுப் போட்டுக் குடுங்க. முட்டும் வேண்டாம். அந்தப் பழைய வீடு இத்தனை வருஷம் நின்னுச்சு, இன்னும் நாலு நாள் நிக்காதா? மச்சான் பாத்துப்பான்.”

“அதானே” என்றார் முதலாளி. இழந்த வேலை திரும்பி வருகிற குரல்.

கணக்கம்மா வாதாடவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, கொட்டை எழுத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதினாள்: ‘பக்கத்துச் சுவருக்கு முட்டு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தபிறகும், வேண்டாம் என்று சொன்னவன் நான்.’ கீழே இரண்டு பேருக்கும் இடம்விட்டுக் கோடு போட்டாள்.

“ரெண்டு பேர்ல யார் வேணும்னாலும் போடலாம். ஒரு காப்பி உங்களுக்கு, ஒண்ணு பக்கத்து வீட்டுக்கு. நானே கொண்டுபோய்க் குடுத்துடுறேன்.”

“என்னம்மா மிரட்டுறியா?” என்றார் கடைக்காரர்.

“மிரட்டலை. நீங்க சொன்னதைத்தானே எழுதியிருக்கேன். மச்சான் பாத்துப்பார்னா கையெழுத்துல என்ன இருக்கு?”

பேனாவைத் தாளின் மேல் வைத்துவிட்டு அவள் கையைக் கட்டிக்கொண்டாள். முதலாளி பேனாவைக் கடைக்காரர் பக்கம் மெல்ல நகர்த்தினார். கடைக்காரர் அதை விரலால் திரும்ப இந்தப் பக்கம் உருட்டிவிட்டார். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒரு நாளைக்கு நூறு பில்லில் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிற கடைக்காரர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த ஒற்றை வாக்கியத்தை மூன்றாவது தடவையாக வாசித்துக்கொண்டிருந்தார்.