இரண்டு பரணிச் சரக்கு

பழத்தை விஸ்கியில் போடுவதற்கு முன் அரை நாள் வெயிலில் காட்ட வேண்டும் என்பதில் விதுஷாவுக்குச் சந்தேகமே கிடையாது. அன்னாசியின் தண்ணீர் வற்றாமல் போட்டால் விஸ்கி நீர்த்துப் போகும். தோடம்பழத் தோலைச் சீவும்போது உள்ளே இருக்கும் வெள்ளை ஒட்டிக்கொண்டு வந்தால் கசக்கும். இவற்றை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாலைதீவில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்த காலத்தில் தன் கையாலேயே கெடுத்துக் கெடுத்துப் படித்தவள். இப்போது பாண்டிருப்பு வீட்டில், அரிசிப் பெட்டிக்குப் பக்கத்து இருட்டு மூலையில், பழைய சேலைத் துண்டால் சுற்றிய கண்ணாடிப் பரணிக்குள் அன்னாசியும் தோடம்பழத் தோலும் பேரீச்சம்பழமும் ஊறிக்கொண்டிருந்தன.

இது விற்பதற்கல்ல. கோமாரிக் கடற்கரையில் விடுதி நடத்தும் பூபாலசிங்கம் ஐயா தன் குசினிக்குத் தலைமைச் சமையல்காரர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் ஏற்கெனவே ஒரு மதியச் சாப்பாடு சமைத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்தது விதுஷாவின் முறை.

"சாப்பாடு எல்லாரும் சமைப்பாங்க பிள்ள," என்று பூபாலசிங்கம் தொலைபேசியில் சொல்லியிருந்தார். "சாப்பிட்டு எழும்பினாப் பிறகு வாயில என்ன நிக்கிது எண்டுறதுதான் எனக்கு வேணும்."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் விதுஷா பரணியை எடுத்தாள். மீன் குழம்பிலும் நண்டிலும் கொழும்பார் தன்னை வெல்லமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்னக் கிண்ணத்தில் அவள் கைப்பட ஊறிய பழ விஸ்கியும் வந்தால் வேலை அவளுக்குத்தான். இன்னொரு முறை கடல் கடந்து போக அவளுக்கு விருப்பமில்லை.

வாசனைச் சாமான் மட்டும் மிச்சம். கறுவா, கராம்பு, ஏலம். மூன்றும் முழுசாக இருக்க வேண்டும். தூள் போட்டால் கலங்கிவிடும். எந்தத் துணியில் வடித்தாலும் தெளியாது. கல்முனைச் சந்தையில் ஜுனைட் காக்காவின் கடையில்தான் கறுவா தாள்போல மெல்லிசாய்ச் சுருண்டு கிடக்கும். மற்றக் கடைகளில் இருப்பது அடுப்பில் விறகாய் வைக்கக்கூடிய பட்டை.

அங்கேதான் அவளுடைய கணவன் கிசோக்குக்குச் சிக்கல். அவன் ஓட்டோ ஓட்டுகிறவன். ஜுனைட் காக்காவின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குகிறவனும் அவனே. தொழுகைத் தொப்பியோடு கல்லாவில் இருக்கும் மனிதரிடம் போய், விஸ்கியில் ஊறப்போடக் கறுவா தாருங்கள் என்று எப்படிக் கேட்பது?

"என்னத்துக்கு எண்டு அவர் கேட்டா?" என்றான் கிசோக்.

"கேட்டா சொல்லுங்க. ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லுவார். அவ்வளவுதானே."

கிசோக் போனான். கடையில் நல்ல சனம். ஜுனைட் காக்கா தராசிலிருந்து தலையை நிமிர்த்தி, "என்ன கிசோக், என்ன வேணும்?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். கிசோக் குனிந்து, தமிழ்நாட்டுப் படங்களில் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல்லை இரகசியமாகச் சொன்னான்.

"சரக்குக்கு வேணும் காக்கா."

படத்தில் சரக்கு என்றால் சாராயம். கல்முனையில் சரக்கு என்றால் பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கிற மருந்துச் சாமான். ஜுனைட் காக்காவின் முகம் பூத்துவிட்டது.

"சரக்கா! மாஷா அல்லாஹ்! செல்லவே இல்லயே நீங்க! எப்ப?"

"போன வெள்ளி போட்டது..." என்று தொடங்கிய கிசோக் பாதியில் நிறுத்தினான். விஷயம் விளங்கியபோது பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஆம்புளப் புள்ளயா, பொம்புளப் புள்ளயா?"

கிசோக் தலையை ஆட்டினான்.

அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தது மிளகும் மல்லியும் மஞ்சளும் சுக்கான வேர்க்கொம்பும் சேர்த்து அரைத்த ஒரு பெரிய பொட்டலம். விதுஷா முகர்ந்து பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவன் எல்லாவற்றையும் சொல்லிமுடிக்கும்வரை அவள் சிரிக்கவில்லை.

"தலைய ஆட்டினீங்களா? எந்தப் பக்கம் ஆட்டினீங்க? ஆம்பிளப் பிள்ளைக்கா, பொம்பிளப் பிள்ளைக்கா?"

"எனக்கே விளங்கல்ல விது."

அன்று இரவு அந்தத் தூளைப் போட்டுத்தான் மீன் கறி. "நல்லாச் சாப்பிடுங்க, பிள்ள பெத்த உடம்பு," என்று அவனுக்கு இரண்டாம் முறையும் போட்டாள். நாளைக்குத் தானே கடைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்றும் முடிவெடுத்தாள்.

அவள் போவதற்குள் அங்கிருந்தே ஆள் வந்துவிட்டது. மறுநாள் காலை படலையில் ஜுனைட் காக்காவின் மனைவி றம்ஸியா நின்றாள். கையில் இரண்டு பை. மூச்சு வாங்கியது.

"எங்க புள்ள? எழும்பி நடமாடுறிங்களே, படுக்கவேணாமா? விதுஷா, வயித்தில எண்டு ஒரு சொல்லு செல்லக்கூடாதா? கண்ணூறு படுமெண்டா எங்களுக்கு மறைச்ச?"

பின்னால் கிசோக் மெதுவாக ஓட்டோவை நோக்கி நழுவினான்.

"உள்ளுக்கு வாங்க ராத்தா. பிள்ளையக் காட்டுறன்," என்றாள் விதுஷா.

அரிசிப் பெட்டிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டுபோய்ச் சேலைத் துண்டை விலக்கினாள். பொன் நிறத்தில் பரணி மினுங்கியது. அடியில் அன்னாசித் துண்டுகள் சுகமாகக் கிடந்தன.

"இதுதான் ராத்தா பிள்ள. விஸ்கி."

"அஸ்தஃபிருல்லாஹ்!" றம்ஸியா பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள். விதுஷா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்: கோமாரி வேலை, கொழும்புச் சமையல்காரர், கிசோக்கின் சினிமாச் சொல், அவனுடைய தலையாட்டல். தலையாட்டல் வந்தபோது றம்ஸியாவால் தாங்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிலத்திலேயே குந்திவிட்டாள்.

"எங்கட இவர் ராத்திரி எனக்கிட்டச் செல்றார், கிசோக்குக்குச் சந்தோஷத்தில பேச்சே வரல்லயாம் எண்டு!"

சிரித்து முடித்தபின் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஒண்டு செல்றன், கோவிச்சுக்கிடக் கூடாது. இதுக்கெண்டு கேட்டா நாங்க ஒரு கராம்பும் தர மாட்டோம்."

"தெரியும் ராத்தா. அதைச் சொல்லத்தான் இண்டைக்கு வர இருந்தன். இந்தப் பையையும் கொண்டு போங்க."

"அது ஏலா." றம்ஸியா பைகளைத் தன்னிடமிருந்து தள்ளிவைத்தாள். "புள்ள பார்க்கக் கொண்டு வந்த சாமானத் திருப்பிக் கொண்டு போனா அது எந்தப் புள்ளைக்கும் நல்லமில்ல. இதில இரிக்கிற புள்ளச் சட்டைய வைங்க, ஒரு நாளைக்குத் தேவப்படும். மத்தப் பையில முழுச் சரக்கு இரிக்கி. அவிச்சுத் தண்ணி குடிக்கக் கொண்டந்த."

விதுஷா பையைத் திறந்தாள். தாள்போன்ற கறுவா. பச்சை மாறாத ஏலம். கராம்பு, வேர்க்கொம்பு, கறுத்து நீண்ட திப்பிலி. அவளுக்கு வேண்டிய எல்லாமே அவள் மடியில் கிடந்தன. கிசோக் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக் கண்ணால் பரணியைக் காட்டினான்.

"ராத்தா," என்றாள் விதுஷா, அவனைப் பாராமல். "இதில ஒரு துண்டும் அந்தப் பரணிக்குள்ள போகாது."

"நீங்க செல்லிட்டிங்க. போதும்." றம்ஸியா எழும்பினாள். வாசல்வரை போனவள் திரும்பினாள். "ஓம், அந்தச் சாப்பாட்டுக்கு ஆரு ஆரு வாற?"

"ஐயாவும் அவர்ர கூட்டாளி மீராமுகைதீன் ஹாஜியாரும்."

"வரிப்பத்தான்சேனை ஹாஜியாரா? எங்கட உறவுக்காரர்தான். அவர் செல்லாம பூபாலசிங்கம் ஐயா ஒரு மாடும் வாங்க மாட்டாரே. அப்ப ஹாஜியாருக்கு என்ன குடுக்கப்போற?"

"தேத்தண்ணி."

"நல்லாரிக்கி! ஐயாக்கு நாள்கணக்கா ஊறவைக்கிற; தீர்ப்புச் செல்ற மனிசனுக்குச் சாயத்தண்ணி!"

விதுஷா அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். இத்தனை நாளும் பழத்தின் தண்ணீரைப் பற்றி யோசித்தவள், மேசையில் பாதி காலியாக இருப்பதைப் பார்க்கவில்லை.

ஆனால் அவள் அதிக நேரம் நிற்கிற ஆளுமல்ல. அன்றைக்கே பாண்டிருப்புக் கடையொன்றில் தடித்த பட்டையை வாங்கி, மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, உள்பக்கத்தை மட்டும் விஸ்கிப் பரணியில் போட்டாள். கராம்பை நூலில் கட்டி இறக்கினாள். கராம்பு முரட்டு விருந்தாளி. நேரத்தோடு வெளியே எடுக்காவிட்டால் வீடு முழுக்கத் தன்னுடையது என்று சொல்லிவிடும்.

ஹாஜியாருக்கான மற்றப் பானம் சுலபமாக இருக்கவில்லை. அதே பழங்களைப் புதிதாக வாங்கிச் சீனிப் பாகில் ஊறவைத்து, றம்ஸியாவின் கறுவாவும் ஏலமும் போட்டாள். வந்தது இனிப்பு. அவ்வளவுதான். விஸ்கி நாக்கில் வைத்ததும் தொண்டையில் ஒரு சூடு இறங்குமே, அது இல்லை. பெருநாள் வீட்டில் கொடுக்கிற பானம்போல இருந்தது.

இதற்கான பரணி றம்ஸியாவின் வீட்டிலிருந்து வந்தது. "எங்கட பரணியில போட்டா ஹாஜியார் கேள்வி இல்லாமக் குடிப்பார்," என்று அவளே கொண்டுவந்து வைத்திருந்தாள். ருசி பார்க்கவும் அவளே வந்தாள்.

"கொஞ்சம் நன்னாரி ஊத்துவோமா?"

"ராத்தா, சர்பத்து வேணாம். ஆள் உசும்பி இருக்கோணும்."

"அப்ப திப்பிலியப் போடுங்க. புள்ளப்பெத்தவள எழுப்பி இருத்துறதே அதுதானே!"

திப்பிலியை ஒன்றிரண்டாகத் தட்டிப் போடலாம் என்றாள் றம்ஸியா. முழுசாகத்தான், கலங்கக்கூடாது என்றாள் விதுஷா. வாக்குவாதத்தில் விதுஷா வென்றாள். வேர்க்கொம்பும் சேர்ந்தது. ஊறி இறங்கியபின் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தபோது சூடு நாக்கில் தொடங்காமல் நெஞ்சில் தொடங்கியது. விதுஷா கரண்டியைக் கழுவிவைத்துவிட்டுச் சிரித்தாள். இரண்டு பரணியையும் பிழியாமல், அதனதன் துணியில் தானாகவே வடியவிட்டாள்.

ஜுனைட் காக்காவுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் ஒன்றுதான். ஒவ்வொரு காலையும் பிள்ளைகளை ஓட்டோவில் ஏற்றிவிட்டு, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் கேட்பார்: "கிசோக், மகன் குப்புறப்படுறானா?"

சமைத்துக் காட்ட வேண்டிய ஞாயிற்றுக்கிழமை கோமாரியில் காற்று நன்றாக இருந்தது. நண்டும் மீனும் விதுஷா நினைத்தபடியே முடிந்தன. மீராமுகைதீன் ஹாஜியார் குறைவாகச் சாப்பிட்டுக் குறைவாகப் பேசினார். கையைக் கழுவியதும் எழும்பி வெளியே போய்த் தென்னைக்குக் கீழே கதிரையில் இருந்துகொண்டார். சாப்பாட்டுக்குப் பிறகு பூபாலசிங்கம் ஒரு கிளாஸ் எடுப்பார் என்பது அவருக்குத் தெரியும். அந்த மேசையில் அவர் இருக்க மாட்டார். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளிகளான இருவரும் இந்த இடத்தில் மட்டும் பிரிவது வழக்கம்.

விதுஷா இரண்டு கிண்ணத்தையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஐயாவுக்கு உரியது கிசோக்கின் கையில் உள்ளே போனது. மற்றதை அவளே கொண்டு வெளியே நடந்தாள்.

ஹாஜியார் ஒரு மிடறு குடித்தார். கிண்ணத்தை உடனே இறக்கினார். முகம் மாறிவிட்டது.

"புள்ள, இது என்ன? நெஞ்சில அடிக்கிது." கிண்ணத்தைத் தூரத்தில் வைத்தார். "உள்ளுக்கு அவருக்குக் குடுத்ததத்தான் எனக்கும் தந்திரிக்கிங்களா?"

 இவ்வளவு நாள் தேடிய சூடே இப்போது அவளுக்கு எதிராக நின்றது. இந்த மனிதர் இப்படியே எழும்பிப் போனால் வேலை மட்டுமல்ல, பேரும் போகும். ஆனாலும் விதுஷா அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"இல்ல ஹாஜியார். அடிக்கிறது திப்பிலி. கல்முனை ஜுனைட் காக்காட கடைச் சரக்கு. ஊறினது றம்ஸியா ராத்தாட வீட்டுப் பரணியில. இதுக்குள்ள வேற ஒண்டும் போகல்ல. சந்தேகமெண்டா இப்பவே ராத்தாக்கு எடுத்துக் கேளுங்க."

ஹாஜியார் அவளைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார்.

"சரக்கா? புள்ளப்பெத்தவளுக்குக் குடுக்கிற சரக்கா?"

"ஓம். அதேதான்."

ஹாஜியாரின் தாடி முதலில் அசைந்தது. பிறகு தோள். பிறகு கதிரை முழுக்க.

"யா அல்லாஹ்! இந்த வயசில எனக்குப் புள்ளப்பெத்துச் சரக்குக் குடுத்துட்டாளே!" கிண்ணத்தை எடுத்து மிச்சத்தையும் மெதுவாகக் குடித்தார். "சிங்கம்! இஞ்ச வாங்க!"

பூபாலசிங்கம் தன் கிண்ணத்தை உள்ளேயே வைத்துவிட்டு வந்தார். அது காலியாக இருந்ததைக் கிசோக் ஜன்னலுக்குள்ளால் தூக்கிக் காட்டினான்.

"எனக்கும் நல்ல சரக்குத்தான் தந்தவ," என்றார் பூபாலசிங்கம்.

"உங்கட சரக்கு வேற, எங்கட சரக்கு வேற. வாயத் திறக்காம இரிங்க," என்றார் ஹாஜியார். "ஒண்டு செல்றன் சிங்கம். கொழும்பார் சமைச்ச அண்டைக்கு நான் எழும்பி வந்து இந்தக் கதிரையில சும்மா கடலப் பார்த்துக்கிட்டு இரிந்த. இண்டைக்குத்தான் எனக்கும் ஒண்டு நடந்து வந்திரிக்கி."

பூபாலசிங்கம் ஹாஜியாரின் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தன் கூட்டாளி இத்தனை வருடமாக அந்தக் கதிரையில் தனியே இருந்ததை அவரும் இப்போதுதான் எண்ணினார் போலிருந்தது.

"எப்ப பிள்ள வேலைக்கு வாறீங்க?"

"வாறன் ஐயா. ஆனா குசினியில ரெண்டு அலுமாரி வேணும். ரெண்டுக்கும் வேற வேற பூட்டு, வேற வேற திறப்பு. ஒண்டுக்க இருக்கிற கரண்டி மத்ததுக்க போகக்கூடாது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மறுநாள் காலை பிள்ளைகளை ஓட்டோவில் ஏற்றிவிட்டு, ஜுனைட் காக்கா வழமைபோல முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்டார்.

"கிசோக், மகன் எப்பிடி?"

இந்தத் தடவை கிசோக் தலையை ஆட்டவில்லை.

"வேலை கிடைச்சிட்டு காக்கா," என்றான்.